"காலம் கெட்டுப்போச்சு" என்று ஏன் எல்லாருக்கும் தோன்றுகிறது?

கேள்வி:
ராத்திரி செய்தி முடிந்ததும் அப்பா சொல்வது ஒன்றுதான்: "எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு?" அவருக்கு 68 வயது. கல்லூரியில் படிக்கும் தங்கையும் போனைப் பார்த்துவிட்டு அதையே சொல்கிறாள். உலகம் உண்மையிலேயே கெட்டுக்கொண்டே போகிறதா?

பதில் (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்):
தம்பி, அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அவருடைய அம்மா பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை?

நான் எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போதெல்லாம் வீட்டுப் பிரசவம்தான். கதிர் அறுக்கும் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்துச் சாம்பல் வைப்பார்கள். ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்காது, தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். பதிவேட்டில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பெயர் வைப்பதற்குள் போய்விடும். அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்று பேர் வைப்பார்கள், எமன் சீந்தாமல் இருக்கட்டும் என்று.

இந்தியாவில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் 28 பேர். இதுவும் அதிகம்தான். ஆனால் தடுப்பூசி போட்டதால் பிழைத்த பிள்ளை பள்ளிக்கூடம் போவதை எந்தச் செய்தியில் காட்டுவார்கள்? தெருவில் ஒரு கொலை நடந்தால் நாள் முழுக்க அதுதான் ஓடும். அப்பா பார்ப்பது அதைத்தானே.

பதில்:
2023-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 60 நாடுகளின் கருத்துக்கணிப்புகள். எல்லா இடத்திலும் "மனிதர்கள் முன்னைவிட மோசம்" என்கிறார்கள். ஆனால் இன்றைக்கு அக்கம்பக்கத்தார் எப்படி என்று கேட்டால், வருஷக்கணக்கில் பதில் பெரிதாக மாறவே இல்லை. பழைய கசப்பு சீக்கிரம் மங்கிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம்.

பதில்:
எங்கள் ஊர் நொய்யல் கரை. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து ஒரத்துப்பாளையம் அணையில் நின்றது. கிணறு, தென்னை எல்லாம் போனது. எங்களிடம் வந்து "நினைப்புதான் தப்பு" என்று சொல்ல முடியுமா?

பதில் (செவிலியர்):
முடியாது. ஆறு கெட்டது நிஜம். எந்தக் கழிவு, எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடிகிறது. அதனால்தான் வழக்குப் போட முடிந்தது. "காலமே சரியில்லை" என்று விட்டிருந்தால் யார் மேல் போடுவீர்கள்? ரணஜன்னியையும் நாங்கள் காலத்தின் மேல் போடவில்லை. கர்ப்பிணிக்கு ஊசி, புது பிளேடு என்று வீடு வீடாக ஏறி இறங்கினோம்.