ஐ.நா. நாள் விழாவுக்கு வசூல்: கொடுக்கலாமா, வேண்டாமா?

சமாதானபுரம்வாசி:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்த ஆண்டும் அக்டோபர் 24 அன்று ஐ.நா. நாள் கொண்டாடப் போகிறார்கள். வீட்டுக்கு ஐநூறு ரூபாய். போன ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள்.

பிள்ளைகள் பல நாட்டு உடை போட்டு மேடையில் நடந்தார்கள். ஜப்பான் உடை என்று ஒன்று வந்தது. டவுனில் வாடகைக்கு எடுத்தது. ஏதோ சரித்திர நாடகத்து ராணிக்குத் தைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து இன்னொரு மணி நேரம் பேசினார். கடைசியில் வெள்ளைப் புறா பறக்கவிட்டார்கள். கூண்டிலேயே வளர்ந்த புறா போல. ஷாமியானா கம்பியில் போய் உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிரேசில் கொடி பிடித்தாள். பிரேசில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் "மேடைக்கு இடது பக்கம்" என்கிறாள்.

ஆனால் சங்கத்துப் பெரியவர்கள் உண்மையிலேயே ஆசையாகச் செய்கிறார்கள். மறுக்கவும் மனசு வரவில்லை.

களக்காட்டு வாழை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி? கொடுக்காதீர்.

2023 ஆகஸ்டில் நம் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் என்ன நடந்தது? கூடப் படிக்கிற பையனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. செய்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக்கூடாது என்று 2024 ஜூனில் அவர் அறிக்கையில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் ஒரு பையனின் மணிக்கட்டைப் பார்த்தால் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். அந்தக் கையில் வெளிநாட்டுக் கொடியைக் கொடுத்து உலக சமாதானம் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும் முதலில். பிரேசில் எங்கேயும் ஓடிப்போகாது.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் "முதலில் தெரு, பிறகு உலகம்" என்று வரிசை போட்டவர்கள் யாரும் தெருவையும் சரிசெய்து நான் பார்த்ததில்லை. வெளியே போய் வந்தவன்தான் நம் தெரு எவ்வளவு சிறியது என்று உணர்கிறான்.

1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ராமசாமி முதலியார். ஐ.நா.வின் பொருளாதார, சமூக அவைக்கு முதல் தலைவரும் அவரே. 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பொதுச்சபையில் பாடினார். இதெல்லாம் மேடைப் பேச்சில் வருவது, விடும். நம் மாவட்டத்துக்கு வாரும். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இலங்கையில் பிறந்தவர். வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக வந்துதான் தமிழ் இலக்கியத்தை ஆழமாகப் படித்தார். அந்தப் படிப்போடுதான் நாடு நாடாகப் போனார். 1964இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. வடக்கன்குளத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதைச் சொல்ல ஒரு மேடை வேண்டாமா?

களக்காட்டு வாழை:
வாத்தியாரையா, வடக்கன்குளத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதா கோயில் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். பீடம் ஒன்று, உட்காரும் இடம் இரண்டு. ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரரைப் பார்க்காமல் பூசை காண வசதி. கட்டிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சு தேசத்துப் பாதிரியார்கள். உங்கள் சர்வதேச ஒத்துழைப்பு நம் ஊருக்குள் வந்ததும் என்ன செய்தது பார்த்தீர்களா? நடுவில் சுவர் வைத்துக் கொடுத்தது.

ஓய்வு வாத்தியார்:
1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லும். அதுவும் பிரெஞ்சுப் பாதிரியார்கள் காலத்தில்தான். பழையபடி பிரிவினை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடத்தியவர்கள் யார்? உள்ளூர்க்காரர்கள்.

அல்வாக்கடை வாசல்:
சுவர் இடித்த கதைக்கு நானூற்று ஐம்பது, கொடிக்கு ஐம்பது. என் பங்கு முடிந்தது.

உவரிக் கரை:
நீங்கள் சான் பிரான்சிஸ்கோ, கோலாலம்பூர் என்று போய்க்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்குச் சர்வதேச ஒத்துழைப்பு வாசலிலேயே நிற்கிறது. 1988இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு. 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது, ஒப்பந்தம் போகவில்லை. ஆளுக்கு 1000 மெகாவாட் என்று இரண்டு உலைகள் ஓடுகின்றன, இன்னும் நான்கு எழும்புகின்றன. செட்டிகுளம் டவுன்ஷிப்பில் ரஷ்யக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

2011இல் ஜப்பானில் புகுஷிமா அணு உலை வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் கூடங்குளம் உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்கு. தேசத்துரோகப் பிரிவிலும் போட்டார்கள். மீன் அவிக்கிற பெண்கள் தேசத்துரோகிகள்! உங்கள் விழாவில் இந்திய ரஷ்ய நட்பு என்று இரண்டு பிள்ளைகள் கைகோத்து ஆடும். நான் விழாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போட்டவர்களின் படம் மட்டும் மாட்டுகிறீர்களே, அது யார் வீட்டு வாசலில் இறங்கியதோ அவர்களில் ஒருவரையாவது மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்களா?

பேட்டை லேத்:
அக்கா, 2012இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று மறந்துவிட்டதா? என் பட்டறையில் பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த உலை ஓட ஆரம்பித்ததும் மூச்சு வந்தது. நானும் ஒப்பந்தத்தின் மறுமுனையில் இருக்கிறவன்தான். என்னையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்.

உவரிக் கரை:
மின்வெட்டு எங்களுக்கும்தான் இருந்தது, தம்பி. வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்களோடு சண்டை போட்டுக்கொள்ள எனக்குச் சம்மதம். யாரும் பேசாமல் ஆடிவிட்டுப் போவதுதான் பிடிக்கவில்லை.

கண்டிச்சீமை பேத்தி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உவரி அக்கா சொன்னதும் எழுதத் தோன்றியது.

எங்கள் பாட்டி பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். அவள் தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து பஞ்சத்துக்குப் போனவர். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் அப்படிப் போன தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேர் இருந்தார்கள். அவர்களை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பங்கு வைத்தார்கள். அண்ணன் தம்பி வயல் பிரிக்கிறபோது வரப்பையாவது நடந்து பார்ப்பார்கள். இங்கே அந்தப் பத்து லட்சம் பேரில் யாரையும் கேட்கவில்லை. ஒரு குண்டு வெடிக்காமல் இரண்டு நாடுகள் பேசி முடித்த விஷயம், காகிதத்தில் பார்த்தால் அருமையான சமாதானம்தான்.

பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினாள். அப்புறம் மண்டபம் முகாம். சொந்த ஊருக்கு வந்தால் "சிலோன்காரி" என்று வாடகைக்கு வீடு தரவில்லை. ஒரே குடும்பத்தில் அக்காவுக்கு அந்த நாடு, தங்கைக்கு இந்த நாடு. அக்கா செத்ததற்குத் தந்திதான் வந்தது.

அதற்காக நான் களக்காட்டு அண்ணாச்சி கட்சி இல்லை. நாடுகள் பேசாமலே இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். குடியுரிமை இல்லாமல் அந்தரத்தில் இருந்தவர்கள் அவர்கள். எப்படிப் பேசினார்கள் என்பதுதான் என் வழக்கு. அந்த ஒப்பந்தம் போட்ட தேதி உங்கள் ஐ.நா. நாளுக்கு ஆறு நாள் கழித்துத்தான் வருகிறது. பாட்டியை ஒரு கால் மணி நேரம் பேசச் சொல்லுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், மைக்கைக் கையில் கொடுத்தால் அவள் சீக்கிரம் திருப்பித் தரமாட்டாள்.

களக்காட்டு வாழை:
பாட்டி பேசினால் நான் வருவேன். ஐநூறு மட்டும் தரமாட்டேன். அந்த ஐநூறில் முந்நூறு சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போட்டே தீர்ந்துவிடும்.

ஓய்வு வாத்தியார்:
பேத்தி சொன்னது பெரிய விஷயம். அதோடு இன்னொன்றும் சொல்லவா? பிள்ளைகளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். 1971இல் ஈரானில் ராம்சர் என்ற ஊரில் நீர்நிலைகளைக் காக்க ஒரு ஒப்பந்தம் ஆனது. 2022இல் கூந்தன்குளமும் ராம்சர் தலம் என்று அறிவித்தார்கள். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. கொடியும் உடையும் இல்லாமலே பிள்ளைக்கு உலகம் புரியும்.

களக்காட்டு வாழை:
அக்டோபரில் போனால் சேற்றைப் பார்த்துவிட்டு வரலாம். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் பெருகினால்தான் பறவை. பொங்கலுக்குப் பிறகு போகச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது ராம்சர் பட்டியலைப் பார்த்துவிட்டா? பட்டியல் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே அவர்கள் அப்படித்தான். நான் சொல்வதும் அதுதானே. ஊர் ஒழுங்காக இருந்தால் ஒப்பந்தம் எதற்கு?

ஓய்வு வாத்தியார்:
கூந்தன்குளத்தார் இங்கே காக்கிறார்கள், சரி. அந்த வாத்து முட்டையிடுவது மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும். அங்கே ஏரி வற்றினால், வழியில் சுட்டால், இங்கே நாம் வெடி போடாமல் யாருக்காகக் காத்திருப்பது? இதற்கு ஒரு ஊர் போதாது, தம்பி. மங்கோலியாக்காரனோடு யாராவது உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

களக்காட்டு வாழை:
வாத்து விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மனுஷன் விஷயத்தில் இன்னும் இல்லை.

சமாதானபுரம்வாசி:
நேற்று சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். பாட்டி பேச ஒத்துக்கொண்டார்கள். பேட்டை லேத் தம்பியும் உவரி அக்காவும் ஒரே மேடையில் என்றதும் "அரசியல் வேண்டாமே" என்று இழுக்கிறார்கள், முடிவாகவில்லை. புறா கிடையாது. உடைக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம், அது இருக்கும். கூந்தன்குளம் ஜனவரி கடைசியில், வேனுக்குத் தனி வசூல்.

களக்காட்டு வாழை:
கயிற்றைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? அதற்கு ஒரு ஆளைச் சொல்லுங்கள், ஐநூறு என்ன, ஆயிரமே தருகிறேன்.

ஓய்வு வாத்தியார்:
நீரே வந்து பேசும்.

களக்காட்டு வாழை:
நான் பேசினால் பாதிப் பேர் எழுந்து போவார்கள்.

ஓய்வு வாத்தியார்:
மீதிப் பாதி இருக்குமே. பேரைக் கொடுக்கவா?

களக்காட்டு வாழை:
சரி, கொடுங்கள். ஒரு நிபந்தனை. விழா நோட்டீஸில் யார் பேருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் இருக்கக்கூடாது. தலைவர், செயலாளர், நன்கொடையாளர் யாருக்கும்.

சமாதானபுரம்வாசி:
நோட்டீஸ் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டது. பதினொரு பேரில் ஏழு பேருக்குப் பட்டம் இருக்கிறது. அச்சடிக்க வேண்டாம் என்று போன் போட்டு நிறுத்தியிருக்கிறேன். அதற்குள் இரண்டு பேர் என் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள். வாத்தியார் ஐயா, நாளைக் காலையில் கொஞ்சம் வரமுடியுமா?