அமர்ந்தே பணிபுரிபவர் எந்தப் பழக்கத்திலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: நாளில் எட்டு மணி நேரம் நாற்காலியிலேயே கழிகிறது; உடற்பயிற்சிக் கூடத்தில் இருமுறை சேர்ந்தும் ஒரு மாதத்திற்கு மேல் நீடிக்கவில்லை. கைவிடாமல் தொடரக்கூடிய எளிய பழக்கம் ஏதேனும் உண்டா?

பதில் 1: ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்வதால், உணவுக்குப் பின் அது சட்டென உயர்வது மட்டுப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. மூன்று வேளையும் நடந்தால் 210 நிமிடம் சேர்ந்துவிடும். ஆனால், பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு வேகம் வேண்டும். கைப்பேசியைப் பார்த்தபடி உலாவுவதை நான் நடையாகக் கருதுவதில்லை.

பதில் 2: உப்பையும் கவனியுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் அளவு. பொட்டலத் தின்பண்டங்களில் அது நாம் அறியாமலேயே கூடிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. இரவு உணவுக்குப் பின் நடப்பதை இன்றே தொடங்குகிறேன். மற்ற இரு வேளைகள் பிறகு.