ஒற்றைத் தலைவலிக்கு பி2 மாத்திரை: இரண்டு மாதமாகியும் குறையவில்லை, எங்கே தப்பு?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. ஐந்து வருடமாக ஒற்றைத் தலைவலி. வருவதற்கு முன்னால் இடது கண் ஓரத்தில் கொலுசின் நெளி மாதிரி ஒரு ஒளிக்கோடு மின்னும். இருபது நிமிடம் நெளிந்து நெளிந்து பெரிதாகி மறைந்துவிடும். அப்புறம் வலது பொட்டில் சம்மட்டி அடி. வாந்தி எடுத்தால்தான் கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தில் ஊதுகுழல் நெருப்பைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

வைட்டமின் பி2 சாப்பிட்டால் வராமல் தடுக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி தினம் ஒன்று போடுகிறேன். ஒரு மாதமாக மெக்னீசியமும் சேர்த்திருக்கிறேன். காலையில் தைராய்டு மாத்திரை போடும்போதே எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிடுவேன். தலைவலி குறையவில்லை. சிறுநீர் வேறு பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது, பயமாக இருக்கிறது. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லீவு போடவும் வழியில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி

மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாங்க. பி2 என்கிற ரிபோஃப்ளேவினே மஞ்சள் நிறம்தான். உடம்புக்கு மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

உங்கள் பட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் ரிபோஃப்ளேவின் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பி6, அதாவது பைரிடாக்சின் எவ்வளவு என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

கொலுசுப்பட்டறை

பட்டறை விளக்கில் பிடித்துப் பார்த்தேன் அண்ணா. ரிபோஃப்ளேவின் 10, பைரிடாக்சின் 3.

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி

அதுதான் முதல் தப்பு. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க பி2 உதவுமா என்று 1998இல் பெல்ஜியத்தில் சோதித்தபோது கொடுத்த அளவு தினம் 400 மி.கி. மூன்று மாதம் கொடுத்தார்கள். பி2 எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தன. மருந்து இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதம். மொத்தமே 55 பேர் கலந்துகொண்ட சின்னச் சோதனைதான், அதனால் இதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நீங்கள் போடுவது அந்த அளவில் நாற்பதில் ஒரு பங்கு.

அதற்காக பி காம்ப்ளெக்ஸை நாற்பது போட்டுவிடாதீர்கள்! பி6 ஒரு நாளைக்கு 120 மி.கி. சேர்ந்துவிடும். அந்த அளவில் மாதக்கணக்கில் போனால் நரம்பு பாதித்து கை கால் மரத்துப்போகலாம். விரல் நுனியை நம்பி வேலை செய்கிறவர் நீங்கள். ரிபோஃப்ளேவின் மட்டும் உள்ள மாத்திரை எல்லாக் கடையிலும் இருக்காது. மருத்துவரிடம் எழுதி வாங்கி, கடையில் சொல்லி வரவழையுங்கள்.

இரண்டாவது, மெக்னீசியத்தைத் தைராய்டு மாத்திரையோடு போடுவது. அது தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு, ராத்திரி சாப்பிட்டபின் மெக்னீசியம் என்று மாற்றுங்கள். ஒரு மாதம் சேர்த்துப் போட்டிருப்பதால் தைராய்டு மருந்து போதுகிறதா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

கருப்பூர்க்காரன்

எங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் மேக்னசைட்டும் மெக்னீசியம்தானே? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வீட்டுப் பெரியவர் அதைப் பொடித்துச் சாப்பிடலாமா என்கிறார்.

மருந்தாளுநர், அஸ்தம்பட்டி

கூச்சம் எதற்கு, கேட்டதே நல்லது. மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட்தான். ஆனால் அது இரும்பாலை உலைகளுக்குள் அடுக்கும் செங்கல் செய்யப் போகிற கல். சுரங்கக் கல்லில் கூடவே என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வேண்டவே வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லிவிடுங்கள் தம்பி.

மாத்திரையிலும் ஒன்று கவனியுங்கள். மேலே போட்டிருக்கும் எண் சில சமயம் மெக்னீசியம் சேர்ந்த உப்பின் மொத்த எடை. மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி. என்றால் அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 240தான். வயிற்றுப்போக்கு வந்தால் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

நாகலூர் அக்கா, ஏற்காடு

தங்கச்சி, எல்லோரும் வைட்டமினையே பேசுகிறார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். வலி வந்தால் என்ன மாத்திரை போடுகிறாய்? மாதத்தில் எத்தனை நாள்? மனதில் தோன்றுவதைச் சொல்லாதே, காலண்டரைப் பார்த்து எண்ணிச் சொல்.

கொலுசுப்பட்டறை

பாரசிட்டமாலும் காஃபினும் இன்னொன்றும் கலந்த மாத்திரை, அக்கா. பட்டறையில் எல்லோரும் அதைத்தான் போடுவோம். மாதம் ஆறேழு இருக்கும் என்று நினைத்தேன். காலி பட்டைகளை எண்ணிப் பார்த்தால் போன மாதம் 13 நாள்.

நாகலூர் அக்கா, ஏற்காடு

எனக்கு நடந்ததும் இதேதான். கலவை மாத்திரையை மாதம் பத்து நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வெறும் பாரசிட்டமாலுக்குப் பதினைந்து நாள் கணக்கு. அது ஓடிக்கொண்டிருக்கும்போது பி2 மட்டும் என்ன செய்யும்? மருத்துவர் என்னை நிறுத்தச் சொன்னபோது முதல் பத்து நாள் நரகம். காபித் தோட்டத்தில் இருந்துகொண்டு காபியையும் ஒரே நாளில் விட்டேன், அந்த வலியும் சேர்ந்துகொண்டது. காபியை மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் குமட்டலோடு பஸ்ஸில் இறங்கி மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவேன். நீ சேலத்திலேயே இருக்கிறாய். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு ஒரு காலை நேரம் ஒதுக்கு.

இன்னொன்று, உனக்கு ஒளிக்கோடு வருகிறது. கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது எடுத்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையும் ஒளிக்கோடும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

பள்ளி ஆசிரியர், ஆத்தூர்

நான் 400 மி.கி. பி2 நான்கு மாதம் எடுத்தேன். எனக்குப் பலன் இல்லை. பிறகு மருத்துவர் ப்ரொப்ரனலால் கொடுத்தார், அதில் குறைந்தது. ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. ஆகவே வைட்டமின் கைகொடுக்கவில்லை என்றால் வேறு வழி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திடீரென்று இதுவரை இல்லாத மாதிரி வலி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கொலுசுப்பட்டறை

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். மருத்துவர் சொன்னபடி கலவை மாத்திரையை நிறுத்தினேன். முதல் வாரம் பட்டறைக்கே போகவில்லை. பி2 400 எழுதிக் கொடுத்தார், மெக்னீசியம் ராத்திரிக்கு. டிஎஸ்எச் ஏறித்தான் இருந்தது, இடைவெளி விட்டபின் சரியாகிக்கொண்டு வருகிறது. மார்கழியில் தலைவலி 5 நாள். எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவர் இன்னும் மூன்று மாதம் எண்ணச் சொல்லியிருக்கிறார். ஊதுகுழல் பக்கத்தில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறேன், வலி வந்த நாளில் சிவப்பு, மாத்திரை போட்ட நாளில் நீலம். நாகலூர் அக்கா, இந்த மாதம் இதுவரை நீலம் இரண்டுதான்.