உப்பு ஏறிய வயலில் சத்து நெல் போடலாமா?

தொண்டிப் பக்கத்து விவசாயி (கேள்வி)

எங்களுக்குத் திருவாடானை தாலுகாவில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மானாவாரி நெல். புழுதி விதைப்புதான், மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி எல்லாம் ஓடுகிறது, மார்கழியில் வானம் வெளுத்துவிட்டால் கண்மாயில் கிடப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். இதில் கடல் பக்கத்துச் செய்களில் (வயல்களில்) உப்பு வேறு ஏறிக்கொண்டே வருகிறது. வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, அங்கே பயிர் நுனி கருகி நிற்கும், கதிர் வந்தாலும் பாதி சாவி, உள்ளே அரிசி இருக்காது.

வீட்டில் மனைவிக்கு ரத்தசோகை, மகளுக்கும் பள்ளியில் ரத்தம் சோதித்துவிட்டு அதையே சொன்னார்கள். துத்தநாகச் சத்து கூட்டிய நெல் ரகம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வீட்டுச் சாப்பாட்டுக்காவது கொஞ்சம் விதைக்கலாமா? இல்லை, சிவப்பு அரிசி நாட்டு ரகமான சித்திரைக்காருக்கே திரும்பிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி விதைக்காரர்

அண்ணே, நீங்கள் கேள்விப்பட்டது டி.ஆர்.ஆர். தான் 45 ஆக இருக்கும். ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ரகம். தீட்டிய அரிசியில் சாதாரணமாக ஒரு கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கும், இதில் 22-க்கு மேல். மரபணு மாற்றுப் பயிர் இல்லை, ஒட்டுச் சேர்த்துத் தேர்ந்தெடுத்ததுதான், ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டிய வீரிய ஒட்டும் இல்லை, அதனால் விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷமும் போடலாம்.

ஆனால் நம்ம ஊருக்கு ஒரு சங்கடம். அது ஏறத்தாழ 125 நாள் பயிர், பாசன நிலத்துக்கென்று வந்தது. உங்கள் செய்யில் கடைசி 20 நாளுக்குத் தண்ணீர் யார் தருவார்கள்? மானாவாரிக்கென்று இங்கேயே பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அண்ணா 4 நூறு நாளைத் தொட்டதும் அறுவடைக்கு வந்துவிடும், இங்கே பலரும் அதை விரும்புவது அதனால்தான். என் ஆதங்கமெல்லாம் இதுதான்: சத்தைக் கொண்டுபோய் எங்கோ ஒரு புது ரகத்தில் வைத்துவிட்டு விவசாயியை மாறச் சொல்லக் கூடாது, அவன் ஏற்கெனவே விதைக்கிற ரகத்துக்குள் அந்தக் குணத்தை ஏற்றித் தர வேண்டும். அது முடியாத காரியமில்லை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து வெள்ளத்தில் மூழ்கினாலும் அழுகாத குணத்தை எடுத்து சி.ஆர். 1009-க்குள் ஏற்றினார்களே, டெல்டாக்காரர்கள் பழைய ரகத்தையே நடவு செய்கிற மாதிரி அதை நடுகிறார்கள்.

இன்னொன்று, துத்தநாகம் வேறு, இரும்பு வேறு. ரத்தசோகைக்குப் பெரும்பாலும் இரும்புதான் பிரச்சினை. நெல்லில் இரும்பு தவிட்டோடு ஒட்டிக்கிடக்கும், மில்லில் தீட்டும்போதே போய்விடும், துத்தநாகம்தான் உள்ளரிசி வரைக்கும் ஓரளவு நிற்கும். அதனால் இந்த ரகத்தை விதைத்தாலும் அக்காவின் ரத்தசோகைக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

உப்பூர் வயக்காடு

தம்பி, முதலில் மண்ணைச் சோதித்துப் பார். உங்கள் பக்கம் வெள்ளையாகப் பூப்பது உவர், தண்ணீரில் கரையும் உப்பு மண்ணில் மிஞ்சி நிற்பது. களர் வேறு, அதில் சோடியம் மண்ணோடு ஒட்டி மண் இறுகிக் கிடக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆளாளுக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டுகிறார்கள், ஜிப்சம் களருக்குத்தான் கேட்கும். உவருக்கு மழைத்தண்ணீரைக் கட்டி, கரைத்து, வடித்து விடுவதுதான் வழி, வடிகால் தூர்ந்து கிடந்தால் எதுவும் செய்ய முடியாது. முதல் மழைக்குப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதால் மண் கொஞ்சம் பொலபொலப்பாகும், ஆனால் நீ புழுதி விதைப்பு என்கிறாய், அதற்குக் காலம் இடம் கொடுக்குமா என்று பார்த்துக்கொள்.

உப்பைத் தாங்கும் ரகம் என்று யாராவது விதை தந்தால் எந்தப் பருவத்தில் தாங்கும் என்று கேள். கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து எடுத்த குணம் நாற்றுப் பருவத்தில்தான் கைகொடுக்கும். பூக்கிற நேரத்தில் உப்பு தாக்கினால் அது வேறு கதை, உனக்கு சாவி விழுவது அந்த நேரத்துத் தாக்குதலாகத்தான் இருக்கும். 2025-ல் மரபணுத் திருத்தம் செய்து வறட்சியையும் உப்பையும் தாங்கும் பூசா டி.எஸ்.டி. 1 என்று ஒரு ரகத்தை அறிவித்தார்கள். நம்ம மண்ணில் போட்டுக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

சித்திரைக்கார், நொறுங்கன் என்ற நாட்டு ரகங்கள் இரண்டும் இந்த வறட்சியில் பிழைத்து வந்தவை, அதை யாரும் மறுக்க முடியாது. மகசூல் குறைவு. கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகமா பொது ரகமா என்று இரண்டே கணக்கு, சிவப்பு அரிசிக்கோ சத்துக்கோ கூடுதலாக ஒரு ரூபாய் கிடையாது. துத்தநாக நெல்லுக்கும் இதே கதிதான், வியாபாரி கையில் அள்ளிப் பார்த்தால் துத்தநாகம் தெரியவா போகிறது? விலை கொடுக்காமல் விவசாயியைச் சத்து விளைவிக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீட்டுக்கு மட்டும் என்றால் மேட்டுச் செய்யில் சித்திரைக்கார் போடு. நெல்லைப் புழுக்கி, லேசாகத் தீட்டிச் சாப்பிடு.

கிராமச் செவிலியர், கடலாடி

அண்ணா, நெல்லை மட்டும் பார்க்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நான் பார்க்கிற வீடுகளில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறுதான், குழம்பில் மீன் இருந்தால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் போய்விடும், அம்மாவுக்குக் குழம்பு மட்டும் மிஞ்சும். நெத்திலி, சூடை மாதிரி பொடி மீனை அண்ணிக்கும் மகளுக்கும் தட்டில் தனியாக எடுத்து வையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், உணவிலுள்ள இரும்பை அது உடம்பில் சேரவிடாது.

பயிர்தான் வேண்டுமென்றால் கம்பு போடுங்கள். தனசக்தி என்று 2014-ல் நாடு முழுக்க வெளியிட்ட ரகத்தில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பு, சீக்கிரம் விளையும், நெல்லைவிடக் கம்பு உப்பையும் தாங்கும். கம்பங்கூழ் நம் பாட்டிமார் குடித்ததுதானே.

ரேஷனில் சத்து சேர்த்த அரிசி வந்தால், அதில் வித்தியாசமாகத் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அது அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்த மணி, நூறு மணிக்கு ஒன்று கலந்திருக்கும். எறியாதீர்கள். ரத்தம் எவ்வளவு என்று பார்த்து மாத்திரையும் கொடுக்க வேண்டும், பயிர் விளையும்வரை காத்திருக்க வேண்டாம்.

தொண்டிப் பக்கத்து விவசாயி

ரொம்ப நன்றி எல்லோருக்கும். மாத்திரைக்கு இந்த வாரமே கூட்டிப்போகிறேன். பெரிய செய்யில் அண்ணா 4, மேட்டுத் துண்டில் பாதி சித்திரைக்கார், பாதி கம்பு என்று நினைக்கிறேன். தனசக்தி விதை இந்தப் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா? கம்புக்குக் குருவித் தொல்லை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உப்பூர் வயக்காடு

தனியாக ஒரு துண்டில் போட்டால் குருவி மொத்தமும் அங்கேதான் இறங்கும். பக்கத்துச் செய்க்காரர்களையும் சேர்த்துப் போடச் சொல், காவலுக்கும் ஆள் கிடைக்கும். விதைக்கு முதலில் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்.