4294967297: என் கையால் வகுத்துப் பார்த்த எண்

கல்லூரி முதலாண்டில்தான் இந்த எண்ணை முதன்முதலாகச் சந்தித்தேன். 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா, அடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று நம்பினார் என்றும், ஆறாவதான 4294967297 பகு எண் என்பதை 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார் என்றும் ஒரு நூலில் படித்தேன். இரண்டின் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வருபவை அந்த ஐந்தும்; 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது. காரணியை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையில் நூலை மூடிவிட்டு, பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுக்கத் தொடங்கினேன்.

பல மாலைகள் கழிந்தன. ஆயிரத்தைத் தாண்டியும் எதுவும் வகுபடாததால் மீண்டும் நூலைத் திறந்தேன். விடை 641 என்றிருந்தது. அதை நான் ஏற்கெனவே கடந்து வந்திருந்தேன். பழைய தாளைத் தேடிப் பார்த்தபோது, 2672-இலிருந்து 2564-ஐக் கழித்து 108 என்று எழுதவேண்டிய இடத்தில் 118 என்று எழுதியிருந்தேன். அதனால் மீதி 359 என்று வந்திருந்தது. திருத்தியதும் மீதி பூச்சியமாகி, ஈவு 6700417 எனக் கிடைத்தது. அதுவும் பகா எண்ணே.

அதைவிட என்னைப் பாதித்தது ஆய்லரின் வழி. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்று அவர் நிறுவியிருந்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குகின்றன. எனக்கு 116-ஆவதாக வந்த எண், இந்த வழியில் ஐந்தாவதாகவே வந்துவிடுகிறது.

வகுக்காமலேயே இதை நிறுவலாம் என்பது பின்னாளில் தெரிந்தது. 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 தான் 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ என்பது 641-இன் மடங்கைவிட ஒன்று குறைவு, அதாவது மீதி −1; அதன் நான்காம் அடுக்கின் மீதி 1 ஆகும் என்பதால் 5⁴ × 2²⁸ − 1 என்பது 641-ஆல் வகுபடும் என்று தெரிகிறது. இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² என்பதும் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1, அதாவது நம் எண். இத்தனை சுருக்கமான நிறுவல் ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரு வர்க்கங்களின் கூடுதலாகவும் இதை எழுதிப் பார்த்தேன். 65536² + 1² என்பது எல்லோருக்கும் தெரிவது; 62264² + 20449² என்றாலும் அதே எண்தான் வருகிறது. பகா எண் எதையும் இப்படி இரு விதமாக எழுத முடியாது என்பதால், இது பகு எண் என்பதற்கு இதுவே தனிச் சான்று. 641 = 25² + 4², 6700417 = 2556² + 409² என்று எடுத்துக்கொண்டு அவற்றிலிருந்து முதல் வடிவத்தை வருவிக்கும்போது, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224 என இரண்டு பெருக்கற்பலன்கள் அருகருகே வந்து நின்றன; அவற்றின் வித்தியாசம்தான் அந்த 1.