பட்டுப்புடவையில் ஒட்டிய நாய் முடி: காருக்குள் உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பிடோக்வாசி

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் சொந்தக்காரர் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று சித்தி செயலியில் கார் அழைத்தார். அம்மா கருநீலப் பட்டு கட்டியிருந்தார். கோயில் வாசலில் இறங்கிய பிறகுதான் கவனித்தோம். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் முழுக்க, வெளிர் மஞ்சளாகக் குட்டைக் குட்டை முடி! இருக்கை சாம்பல் நிறத் துணி என்பதால் ஏறும்போது எதுவும் கண்ணில் படவில்லை.

ஓட்டுநர் வயதான சீன அங்கிள். இறங்கி வந்து பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. எங்களுக்கு முன்னால் ஏறியவர் பார்வையற்றவராம். அவருடைய வழிகாட்டி நாயான லாப்ரடார் இருக்கை ஓரத்தில் சாய்ந்தபடி வந்ததாம். அவரை இறக்கிவிட்டு, பெட்ரோல் நிலையத்தில் வேக்குவம் போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார். அது உண்மைதான். தரைவிரிப்பில் வேக்குவம் ஓடிய கோடுகளை நானே பார்த்தேன்.

மாமா ஒட்டும் டேப்பை நீட்டினார். "வேண்டாம், ஜரிகை பிரிஞ்சிடும்" என்று அம்மா தடுத்துவிட்டார். அங்கிள் காரின் பின்பக்கச் சாமான் பெட்டியை (பூட்) திறந்து, பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரே பக்கமாக மெதுவாக இழுத்தார். முடி திரிதிரியாகச் சுருண்டு தரையில் விழுந்தது. புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அதற்குள் சித்தி புகாரை அனுப்பிவிட்டார். அங்கிள் அந்தக் கையுறையை இரண்டு கையாலும் நீட்டிய விதம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இப்படிப் புகார் போனால் ஓட்டுநருக்கு என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள்.

ஜாக்கியின் அப்பா

எங்கள் வீட்டில் ஜாக் ரஸ்ஸல் நாய். நீள முடி நாய்தான் தொல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குட்டை முடி அதைவிட மோசம். ஊசி மாதிரி விறைப்பாக இருப்பதால் துணியின் நெசவுக்குள் குத்திக்கொண்டு நிற்கும்.

பழைய காரை விற்கும்போது நடந்தது இது. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்திருந்தேன். வாங்க வந்த வியாபாரி இன்ஜினைக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தார், கட்டைவிரலில் எச்சில் தொட்டு இருக்கையில் ஒரு இழு இழுத்தார், விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். அதில் வெள்ளை முடி. அப்புறம் அவர் சொன்ன விலையைக் கேட்டு என் மனைவி வீட்டுக்குள் போய்விட்டாள். இங்கே கார் வைத்திருக்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழுக்கே அவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கிய கார் அது.

பூட் விரிப்புக்கு ஒன்று சொல்கிறேன். குதிகால் தேய்க்கிற கல்லால் தேயுங்கள். எதிலும் வராத முடி அதில் வரும்.

பழைய குரூமர்

ஜாக்கியின் அப்பா, அந்தக் கல்லைத் தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லாதீர்கள். உபி வட்டாரத்தில் நான் கார் குரூமிங், அதாவது காரைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை, பார்த்த காலத்தில், அந்தக் கல்லால் தேய்த்துப் பஞ்சு பஞ்சாகக் கிளம்பிய இருக்கையோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூட்டில் இருக்கும் முரட்டு விரிப்புக்குச் சரி, அதுவும் அழுத்தாமல். இருக்கைத் துணியிலும் கூரைத் துணியிலும் அதை வைக்கவே கூடாது.

என் அனுபவம் சின்னதுதான். ஒரு அம்மா காரைக் கொண்டு வந்தார். ஏற்கெனவே வேறொரு கடையில் சுத்தம் செய்தாகிவிட்டது, ஆனாலும் ஏர்கான் போட்டால் நாய் வாடை வருகிறது என்றார். முன் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளினேன். இருக்கை நகரும் தண்டவாளத்தில் கிரீஸோடு சேர்ந்து முடி உருண்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். அந்த நாய் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார். அந்த உருண்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

சரி, முறையைச் சொல்கிறேன். முதலில் வேக்குவம் போடாதீர்கள். வேக்குவம் மேலே கிடப்பதைத்தான் இழுக்கும், நெசவுக்குள் குத்தியிருப்பதை இழுக்காது. பெட்ரோல் நிலையத்து வேக்குவத்தின் அகல வாயில் பிரஷ்கூட இருக்காது. அந்த அங்கிளுக்கு நடந்தது அதுதான், அவர்மேல் தவறில்லை. முதலில் முடியைக் கிளப்ப வேண்டும். ரப்பர் கையுறையோ, கண்ணாடி துடைக்கும் ரப்பரோ போதும். ஒரே திசையில், சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் வந்த முடி திரும்ப உள்ளே போகும். கையுறை லேசாக ஈரமாக இருக்கலாம், இருக்கை நனையக் கூடாது. நனைந்தால் முடி கூழாக ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இருக்கை காய்வதற்குள் பூஞ்சை வாடை வேறு வந்துவிடும்.

ஏர்கான் வெகுநேரம் ஓடினால் உள்ளே காற்று வறண்டு, நிலைமின்சாரத்தால் முடி பிடித்துக்கொள்ளும். அதற்குத் துணி துவைக்கும் சாஃப்ட்னர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, பனி படிவதுபோல் மெலிதாகத் தெளியுங்கள். சில நிமிடம் விட்டு ரப்பரால் இழுங்கள், அதற்கப்புறம் வேக்குவம். தையல் ஓரம், சீட் பெல்ட் கொக்கி நுழையும் குழி, கதவுப் பை, தண்டவாளம் எல்லாவற்றுக்கும் ஒல்லி வாய் வேண்டும். கடைசியாக ஏர்கான் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். முடி அடைத்த ஃபில்டரை மாற்றாமல் இருக்கையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் வாடை போகாது.

பொங்கோல் பூனைக்காரி

2024 செப்டம்பரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்ததும், எங்கள் பூனை மீசைக்கு மைக்ரோசிப் போட்டு உரிமம் எடுக்கக் கிளம்பினோம். எங்களிடம் கார் இல்லை. ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது, வழிகாட்டி நாய்க்கு மட்டும்தான் அனுமதி. அதனால் மணிக்கணக்கு வாடகைக்குக் கார் எடுத்தோம்.

கூண்டுக்குள்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பயந்த பூனை எப்படி முடி உதிர்க்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது பக்கவாட்டில் வெயில் விழுந்தது. கூண்டின் ஓட்டைகள் வழியே முடி கிளம்பி, ஏர்கான் காற்றில் மேலே போய், ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் தாடியில் உட்கார்ந்தது. எனக்கு அடுத்து அந்தக் காரை எடுப்பவர் வீட்டில் குழந்தை இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு மீசையைக்கூட எனக்குக் கவனிக்க முடியவில்லை.

குரூமர் அண்ணா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் முடியோடு விஷயம் முடியவில்லை. பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிற ஒரு புரதம். பூனை தன்னை நக்கும்போது அது முடியிலும் தோல் பொடியிலும் ஒட்டிக் காய்கிறது. அந்தப் பொடி மிக நுண்ணியது, வெகுநேரம் காற்றில் மிதக்கும். முடி ஒன்றுகூட இல்லாத இருக்கையில் உட்கார்ந்தும் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைக்கலாம். அதனால் இப்போதெல்லாம் கூண்டைச் சுற்றித் துவைத்த பருத்திப் போர்வை போர்த்துகிறேன், மூச்சுக்கு முன்பக்கம் மட்டும் திறப்பு. இறங்கியதும் நான்கு கதவையும் திறந்து வைக்கிறேன். மேலே கிடப்பதை ரப்பரால் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பாகங்களை ஈரத்துணியால் துடைக்கிறேன்.

தெம்பனிஸ் ராஜா

எல்லாம் சரி, கட்டணம் கொடுத்து ஏறுகிறவர் முடியில் ஏன் உட்கார வேண்டும்? விலங்குகளுக்கென்று தனிச் சேவை இருக்கிறது. சித்தி புகார் கொடுத்ததில் என்ன குறை?

ராத்திரி ஓட்டுநர்

ராஜா, அது செல்லப்பிராணி இல்லை, அந்த மனிதரின் கண். தனிச் சேவைக்குப் போ என்று அவரை அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. நானும் ஏற்றியிருக்கிறேன். அந்த நாய்கள் வாலைக்கூடச் சுருட்டிக்கொண்டுதான் படுக்கும். ஆனால் லாப்ரடாருக்கு இரட்டை அடுக்கு முடி, வருடம் முழுக்க உதிரும். அந்தப் பயணிகளில் பலர் தாங்களே ஒரு துண்டைக் கொண்டுவந்து விரிப்பார்கள். ஒருமுறை ஒருவர் இறங்கும்போது, குனிந்து தரையைக் கையால் தடவி முடியைப் பொறுக்கினார். பார்க்க முடியாதவர்! "விடுங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அன்று எனக்கு அடுத்த வாடகை எடுக்க மனம் வரவில்லை.

பிடோக்வாசி, புகார் போனால் முதலில் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்பார்கள். என்ன முடிவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனக்கு வந்தபோது பயணியே திரும்ப எழுதியது உதவியது. கார் அழைத்தவர் சித்தி, அதனால் அவர்தான் எழுத வேண்டும். அந்தப் பயணத்தின் பதிவைத் திறந்து, முன்னால் வழிகாட்டி நாய் வந்ததையும், அவர் சுத்தம் செய்திருந்ததையும், புடவை கெடவில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஜாக்கியின் அப்பா

குரூமர் அண்ணே, நான் கல்லைப் பூட்டுக்குத்தான் சொன்னேன், இருக்கைக்குச் சொல்லவில்லை. மறுபடி படித்துப் பாருங்கள். சாஃப்ட்னர் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஜாக்கி இருக்கையை நக்குவான். அதில் வாசனைப் பொருள், சோப்பு மாதிரியான ரசாயனம் எல்லாம் இருக்கிறதே?

பழைய குரூமர்

பூட்டுக்கு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நக்குகிற நாய் என்றால் சாஃப்ட்னரே வேண்டாம். கையுறையை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இழுங்கள், நேரம்தான் கொஞ்சம் கூடுதலாகும்.

பிடோக்வாசி

ராத்திரி ஓட்டுநர் அண்ணன் எழுதியதைச் சித்திக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். நாய் எதற்காக வந்தது என்று அன்று அவர் காதில் விழவே இல்லையாம். எழுதி அனுப்பிவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. அம்மா அந்தக் கையுறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார், அவசரத்தில் அது எங்களிடமே தங்கிவிட்டது. நிறுவனம் வழியாக அங்கிளிடம் சேர்க்க வழி இருக்கிறதா?