‘ஜங்க் ஜர்னல்’ என்பதற்கு ‘ஒட்டேடு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். பழைய தாள், அட்டை, துணித்துண்டு, பயணச்சீட்டு என்று கைக்குக் கிடைப்பவற்றைத் தைத்தும் ஒட்டியும் உருவாக்கி, பிறகு வரைந்தும் எழுதியும் நிரப்புகிற ‘ஜங்க் ஜர்னல்’ என்னும் ஏட்டுக்கு ‘கலை நாளேடு’, ‘குப்பை ஏடு’ என்னும் இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் நாளேடு என்றால் செய்தித்தாள். கலை நாளேடு செய்யும் பயிற்சி என்று அறிவித்தால், பத்திரிகை நடத்தக் கற்றுத்தருகிறார்கள் என்றுதான் வருபவர் நினைப்பார். ‘நாட்குறிப்பு’ சற்று நெருங்கி வந்தாலும், இவ்வகை ஏட்டில் தேதி கட்டாயமில்லை, எழுத்துகூடக் கட்டாயமில்லை.

‘குப்பை ஏடு’ என்பதை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்ததால் வந்த சொல் அது. இந்த ஏடுகளுக்கு மதுரையில் என்னென்ன பொருள்கள் கிடைக்கின்றன என்பதைப் பார்த்தால், அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முடிந்ததும் தாள்கள் போய், முருகனோ மீனாட்சியோ அச்சிட்ட கெட்டி அட்டை மட்டும் எஞ்சுகிறது. அதில் உள்ள தகரப் பட்டையை நெம்பி எடுத்துவிட்டால், ஓர் ஏட்டுக்கு வேண்டிய மேலட்டை அதிலேயே கிடைத்துவிடும். சாமி படத்தை வெட்ட மனம் வராதவர்கள் அதை உட்பக்கம் வைத்து ஒட்டுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையின் உறைகள், மூலையில் தடவிய மஞ்சளோடு, பக்கங்களுக்கு நடுவே பையாகின்றன. பத்திரிகையின் பொன்னிறத் தகட்டு அச்சில் பசை பிடிக்காது என்பதால் அவ்விடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். சுங்குடித் துண்டை மேலட்டையில் ஒட்டுபவர்கள், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணியில் நிற்கும் சுருக்கங்களை முதலில் இஸ்திரி போட்டு நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பசை காய்ந்த பின் கொப்புளம் கொப்புளமாக எழும். இவ்வளவு கவனத்தோடு தேர்ந்து, பதப்படுத்தி, தைத்த ஒன்றைக் குப்பை என்று அழைக்க எந்தக் காரணமும் இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர்கூட இவற்றை எடைபோட்டு விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்.

ஆகவே பொருளின் மதிப்பை விட்டுவிட்டு, கை செய்யும் தொழிலால் பெயரிடலாம் என்று கருதி ‘ஒட்டேடு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். பேரேடு, பதிவேடு, குறிப்பேடு ஆகியவற்றின் வரிசையில் இது இயல்பாகச் சேர்கிறது. ஒட்டு + ஏடு என்னும் புணர்ச்சியும் எளியது. பசையால் சேர்ப்பது ஒட்டு; கிழிந்த துணியில் வேறு துணி வைத்துத் தைப்பது ஒட்டு; ஒரு மரத்தின் கிளையை இன்னொன்றில் இணைத்து வளர்ப்பதும் ஒட்டு. அந்த மூன்றாவது பொருளே என்னை இச்சொல்லின் பக்கம் முழுவதுமாக இழுத்தது. காலண்டர் அட்டையும் கணக்கு நோட்டின் தாளும் இந்த ஏட்டில் வெறுமனே அடுக்கப்படுவதில்லை, ஒன்றாகி வேறொரு வாழ்வைத் தொடங்குகின்றன.

‘ஒட்டுச்சுவடி’ என்று வைக்கலாமே என நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஓலைக்காலத்து வழக்கில் தனி ஓலைதான் ஏடு, கட்டுதான் சுவடி என்பது உண்மையே. ஆனால் இன்று சுவடி என்றதும் பழைய கையெழுத்துப்படிதான் நினைவுக்கு வருகிறது. ஏடு என்பதோ கட்டிய நோட்டுக்கே உரியதாகிவிட்டது. வாங்கிய ஆல்பத்தில் செய்தித்துணுக்கும் படமும் ஒட்டிவைப்பதும் ஒட்டேடுதானே என்ற கேள்வியும் எழக்கூடும். அதற்குத் ‘துணுக்கேடு’ என்று தனிச்சொல் கொள்ளலாம். அங்கே ஏடு கடையில் வாங்கியது, உள்ளே வருவது மட்டும் ஒட்டு. இங்கே ஏடே ஒட்டு. ‘ஆர்ட் ஜர்னல்’ என்னும் பரந்த வகைக்குக் ‘கலைக்குறிப்பேடு’ போதும். ஒட்டேடு அதன் ஒரு வகை.

உறுப்புகளின் பெயர்களைப் பொறுத்தவரை, பைண்டிங் பட்டறையில் புழங்கும் சொற்களை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு புதிதாக ஆக்குவதே முறை. மடித்துச் சேர்த்த தாள்தொகுதிக்கு ‘மடிப்புக்கற்றை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அச்சகத்தார் ‘பாரம்’ என்கிறார்கள், புத்தகம் எத்தனை பாரம் என்றே கணக்குப் பார்க்கிறார்கள். அச்சேறாத தாளுக்கும் அதையே நீட்டிக்கொள்ளலாம். ஏட்டின் தைத்த விளிம்பைக் குறிக்கும் ‘முதுகு’ என்பதும் அப்படியே இருக்கட்டும்.

தையலில் மட்டும் ஒரு புதுச்சொல் தேவைப்படுகிறது. நம் பட்டறைகளில் நோட்டின் பக்கவாட்டில் துளையிட்டுத் தைப்பது உறுதியானது, ஆனால் அந்த நோட்டு மேசையில் தட்டையாக விரியாது. பொருள்களை ஒட்ட ஒட்ட வெளிவிளிம்பு முதுகைவிடத் தடித்து, ஏடு வாய்பிளந்து நிற்கும் என்பதால், ஒட்டேட்டுக்கு அந்தத் தையல் பொருந்துவதில்லை. எகிப்தியக் கிறித்தவர்களான காப்டியர் தங்கள் பழைய நூல்களில் கையாண்ட தையலில், நூல் ஒவ்வொரு பாரத்தையும் முந்திய பாரத்தோடு முதுகில் சங்கிலிபோலக் கோத்துச் செல்லும்; இன்று கைவினைஞர்கள் செய்யும் வடிவில் முதுகில் அட்டையோ பசையோ இல்லாததால் ஏடு முழுவதுமாக விரியும். ‘சங்கிலித் தையல்’ என்ற பெயர் பூவேலையில் ஏற்கெனவே இருப்பதால், இதற்குக் ‘காப்டியத் தையல்’ என்று அம்மக்களின் பெயராலேயே வைக்கலாம்.

கலைச்சொல் தொகுப்பில் சேர்ப்பதற்கான விளக்கத்தை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: ‘ஒட்டேடு – பயன்படுத்திய தாள், அட்டை, துணி முதலியவற்றைப் பாரங்களாக மடித்துத் தைத்து, ஒட்டியும் வரைந்தும் எழுதியும் நிரப்பும் கைவினை ஏடு.’ இதில் ‘பயன்படுத்திய’ என்பதைவிட ‘பழகிய’ என்பது பொருந்துமா என்பதைப் பற்றி உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்